வெளியே வராத பக்கவேர்கள்: ஓர் ஆய்வக நிகழ்வு ஆய்வு

பின்னணி

பக்கவேர் அகத்தோன்றி என்று மேல்நிலை வகுப்புத் தாவரவியலில் படித்திருப்போம். கிளை இலைக்கோணத்து மொட்டிலிருந்து, தண்டின் மேற்பரப்பிலேயே புறப்படுகிறது. பக்கவேர் அப்படியல்ல. வேரின் ஆழத்தில் பெரிசைக்கிள் என்னும் அடுக்கில் கருவாகி, அகத்தோல், புறணி, புறத்தோல் மூன்றையும் விலக்கிக்கொண்டு வெளியே வருகிறது. தேர்வுக்கு எழுதிவிட்டு மறந்துபோன இந்த ஒரு வரி உரிய நேரத்தில் எங்கள் நினைவுக்கு வந்திருந்தால், கீழே சொல்லப்போகும் நிகழ்வில் ஏழெட்டு மாதங்கள் மிஞ்சியிருக்கும்.

இதில் வருபவர்கள் மூவர். முனைவர் பட்டத்தின் இரண்டாம் ஆண்டில் இருந்த ஒரு மாணவி, எங்கள் நெறியாளர், பட்டம் முடித்துவிட்டு அதே ஆய்வகத்தில் தொடர்ந்த நான். மாணவியின் கட்டுரை இன்னும் அச்சேறவில்லை என்பதால் அவர் ஆராய்ந்த மரபணுவின் பெயரையும் சொல்லவில்லை. அது ஒரு செல்லின் மேற்புறத்தில் நின்று வெளியிலிருந்து வரும் சமிக்ஞையை வாங்கும் ஏற்பிப் புரதத்துக்கானது என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பக்கவேர் பிறப்பதைப் பற்றி நாங்கள் தொடங்கும்போதே தெரிந்திருந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் செடி அரபிடாப்சிஸ். கடுகுக் குடும்பத்தின் சிறு களைச்செடி. அதன் வேர்நுனிக்குச் சற்று மேலே, ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோனுக்குச் செல்கள் காட்டும் துலங்கல் ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. அந்த ஏற்றத்தில் அகப்படும் இடம் பிற்பாடு பக்கவேர் தரும் இடமாகக் குறிக்கப்படுகிறது. அங்கே நீர் கடத்தும் சைலத்தை ஒட்டிய பெரிசைக்கிள் செல்களில் காட்டா23 என்ற மரபணு விழிக்கிறது. அடுத்தது தொடக்கம். ஆக்சின் வந்து டிஐஆர்1 ஏற்பியில் பொருந்தினால், ஐஏஏ14 என்னும் தடுப்புப் புரதம் சிதைக்கப்படுகிறது. அது பிடித்துவைத்திருந்த ஏஆர்எஃப்7, ஏஆர்எஃப்19 என்ற இயக்கிப் புரதங்கள் இரண்டும் விடுபட்டு எல்பிடி16, எல்பிடி29 போன்ற மரபணுக்களை இயக்குகின்றன. பக்கத்துப் பக்கத்துச் செல்கள் இரண்டின் உட்கருக்கள் ஒன்றையொன்று நோக்கி நகர்கின்றன, பிறகு செல்கள் சமமில்லாமல் பிரிகின்றன. அங்கிருந்து வெளியே வருவது வரையான வளர்ச்சியை 1997-இல் மலாமியும் பென்ஃபியும் ஏழு படிகளாகப் பிரித்து எழுதினார்கள். இன்றும் எல்லோரும் அந்தக் கணக்கில்தான் பேசுகிறோம்.

ஐஏஏ14 சிதையாதபடி மாறிப்போன செடியை 2002-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் விவரித்தார்கள். பக்கவேரே இல்லாமல் ஒற்றை நூலாக இறங்கும் வேர் அதற்கு. 'தனிவேர்' என்று பொருள்படும்படி பெயர் வைத்தார்கள். அந்தப் படம்தான் எங்கள் மனதில் முதலில் ஒட்டிக்கொண்டது. நாங்கள் வழிதவறியதும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

முதலில் கண்டது

அந்த ஏற்பி மரபணுவில் டி-டிஎன்ஏ செருகல் உள்ள, அதாவது நடுவே அந்நிய டிஎன்ஏ துண்டு புகுந்து மரபணு பழுதான, விதைகள் சில ஆண்டுகளுக்கு முன்பே வரவழைக்கப்பட்டு எங்கள் குளிர்பெட்டியில் இருந்தன. மாணவி அவற்றில் இரு நகலிலும் செருகல் உள்ளவற்றை பிசிஆர் மூலம் பிரித்தெடுத்தார். ப்ளீச்சில் கழுவி, மூன்று நாள் இருட்டில் 4 டிகிரியில் வைத்து, அரை அளவு எம்எஸ் என்ற சத்து ஊடகத்தில் இயல்பு விதைகளோடு ஒரே தட்டில் விதைத்தார். தட்டுகள் செங்குத்தாக, 22 டிகிரியில், 16 மணி நேர வெளிச்சத்தில் நின்றன.

எட்டாம் நாள் தட்டைத் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டியபோது எண்ணத் தேவையே இருக்கவில்லை. இடப்பாதியில் இயல்புச் செடிகளின் வேர்கள் மீன்முள் மாதிரி இருபுறமும் கிளைத்திருந்தன. வலப்பாதியில் ஏறக்குறைய வெறும் நூல்கள். எண்ணியபோது இயல்புச் செடிக்குச் சராசரியாகப் பத்து பக்கவேர்கள், செருகல் செடிக்கு மூன்று. முதன்மை வேர் சற்றுக் குட்டை. கண்ணுக்கு உறுத்தும் அளவுக்கு இல்லை. குறிப்பேட்டில் அந்த நீளத்தையும் எழுதியிருந்தார். அதன் பொருளை அன்று யாரும் கேட்கவில்லை.

முதல் முடிவும் அதன் காரணமும்

பக்கவேர் குறைந்தால் முதலில் ஆக்சினைச் சந்தேகிப்பது வழக்கம். ஆகவே ஊடகத்தில் என்ஏஏ சேர்த்துப் பார்ப்பது என்று முடிவானது. என்ஏஏ செயற்கை ஆக்சின். செல்லுக்குள் போக அதற்குத் தனிக் கதவு வேண்டாம், சவ்வு வழியே தானாகவே ஊடுருவும். ஆக்சினுக்குத் துலங்கும் பொறியே பழுதானால், 'தனிவேர்' செடியைப் போல, என்ஏஏ கொடுத்தும் வேர் வராது. பொறி சரியாக இருந்து ஆக்சின் வந்து சேர்வதில் மட்டும் குறை இருந்தால் வேர் வரும்.

வந்தது. இரண்டு வகைச் செடியிலும் வேர் முழுதும் தூரிகை மாதிரி மயிர்மயிராகப் பக்கவேர்கள். துலங்கல் பொறி பழுதில்லை என்ற முடிவு சரிதான். தவறு அடுத்த அடியில் நடந்தது. துலங்கல் சரி என்றால் ஆக்சின் போக்குவரத்தில்தான் குறை என்று நாங்களாகவே முடித்துக்கொண்டோம். செருகல் செடியின் வேர் புவியீர்ப்பை நோக்கி ஒழுங்காகத் திரும்பியதால், அந்தத் திரும்பலுக்குத் தேவையான, ஆக்சினைச் செல்லுக்குள் ஏற்றும் ஏயூஎக்ஸ்1 கடத்தியில் பழுது இருக்க முடியாது என்று நெறியாளர் சுட்டிக்காட்டினார். உடனே, அப்படியானால் அதே இனத்துக் கடத்தியான லாக்ஸ்3 பக்கம் ஏதோ இருக்கும் என்று பேச்சு நகர்ந்தது. போக்குவரத்து என்ற எண்ணத்தை யாரும் விடவில்லை.

அந்தச் சோதனையின் வரம்பு இப்போது தெளிவாகத் தெரிகிறது. வெளியிலிருந்து ஊற்றிய என்ஏஏ பெரிசைக்கிளுக்கு மட்டும் போவதில்லை, அதை மூடியிருக்கும் எல்லா அடுக்குக்கும் போகிறது. கரு உண்டாவதில் குறை இருந்தாலும், உண்டான கருவுக்கு மேலடுக்கு வழிவிடுவதில் குறை இருந்தாலும், அந்த வெள்ளத்தில் இரண்டும் மறைந்துபோகும். பொறி வேலை செய்கிறதா என்பதை என்ஏஏ சொல்லும். எந்தப் படியில் சிக்கல் என்பதைச் சொல்லாது.

அடுத்து, ஆக்சின் எங்கே தேங்குகிறது என்று பார்க்க டிஆர்5 அடையாளம் உள்ள செடியோடு கலப்பு செய்தோம். ஆக்சினுக்குத் துலங்கும் இடத்தில் மட்டும் இயங்கும் டிஎன்ஏ தொடர் அது. கஸ் என்சைமோடு இணைத்துச் சாயம் கொடுத்தால் அந்த இடம் நீலமாகும். கலப்பு, அதன் மகவு, அந்த மகவின் விதை, அதில் பொருத்தமானதைப் பொறுக்குவது என்று ஐந்து மாதம் ஓடியது. இதற்கிடையில் ஒரு கருத்தரங்குக்கு மாணவி சுருக்கம் அனுப்பினார். தலைப்பில் 'ஆக்சின் போக்குவரத்து' என்ற சொல் இருந்தது. நானும் படித்துத் திருத்தி ஒப்புதல் கொடுத்தேன்.

நீலப் புள்ளிகள்

சாயமேற்றிய வேர்களின் படங்கள் நன்றாகவே வந்தன. வேர்நுனியில் இரண்டு வகையிலும் ஒரே நீலம். போக்குவரத்தில் பெரிய குழப்பம் இருந்தால் நுனியிலேயே தெரியும் என்பதால் நாங்கள் ஏமாற்றமடைந்து படங்களைக் கோப்பில் போட்டு வைத்தோம். ஏறத்தாழ இரண்டு மாதம் அவை அங்கேயே கிடந்தன.

ஆய்வக வாராந்திரக் கூட்டத்துக்குப் படங்களை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு மாலை, மாணவி ஒரு படத்தைப் பெரிதாக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "அக்கா, இது செருகல் செடி. வெளியில ஒரு பக்கவேர்கூட இல்ல. அப்புறம் ஏன் நடுவுல இத்தனை நீலப் புள்ளி?"

நான் குனிந்து பார்த்தேன். முதன்மை வேரின் நடுத்தண்டை ஒட்டி, ஒரு சென்டிமீட்டருக்குள் நான்கைந்து நீலப் பொட்டுகள். ஒவ்வொன்றும் வெளிவராத ஒரு பக்கவேரின் கரு. நாங்கள் நுனியை மட்டுமே பார்த்து, படத்தின் முக்கால் பாகத்தைப் பார்க்காமல் விட்டிருந்தோம். இயல்புச் செடியின் படத்தைப் பக்கத்தில் வைத்தோம். அங்கேயும் அதே நெருக்கத்தில் பொட்டுகள். அவற்றில் பல மட்டும் வெளியே நீட்டியிருந்தன.

அதுவரை நாங்கள் எண்ணியதெல்லாம் வெளியே வந்த வேர்கள்தான். செடி எத்தனை பக்கவேரைத் தொடங்கியது என்பதை ஒருநாளும் எண்ணவில்லை.

வேரைத் தெளியவைத்துப் பார்த்தது

மறுநாளே வேர்களைத் தெளியவைக்கலாம் என்றேன். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். அமிலம் கலந்த மெத்தனாலில் சூடாக்கி, பிறகு காரத்தில் வைத்து, எத்தனால் கரைசல்களில் படிப்படியாக இறக்கி, கிளிசராலில் கண்ணாடித் தகட்டில் ஏற்றினால் வேர் கண்ணாடி போல் ஆகிவிடும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு செல்லின் கோடும் தெரியும். ஒரு நாளில் முடியும் வேலை. தட்டுகளின் பெயர்களை மறைத்து வேறொரு மாணவர் எண் ஒட்டிக் கொடுத்தார். எது எந்தச் செடி என்று தெரியாமலேயே இரண்டு பேரும் தனித்தனியாக எண்ணினோம்.

எந்த எண் எந்தச் செடி என்று பிரித்துப் பார்த்தபோது, ஒரு சென்டிமீட்டர் வேருக்கு வெளிவந்தவை, கருவாக இருப்பவை இரண்டையும் கூட்டினால் இரு செடிகளிலும் ஒரே கணக்கு. தொடக்கத்தில் குறையே இல்லை. செருகல் செடியில் கருக்கள் நான்காம், ஐந்தாம் படியில் குவிந்து கிடந்தன. அந்தப் படிகளில் கரு அகத்தோலைத் தாண்டிப் புறணியை முட்டிக்கொண்டிருக்கும்.

அவற்றின் வடிவம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இயல்புச் செடியில் ஐந்தாம் படிக் கரு கோபுரக் கலசத்தின் அடிப்பாகம் போல உருண்டு எழும்பியிருக்கும். செருகல் செடியில் அதே அளவு செல்கள், ஆனால் உச்சி அமுங்கி, இட்லியைத் தட்டையாக அழுத்தியது போல இரு பக்கமும் பிதுங்கியிருந்தது. வளரத் தெரியாத கருவுக்கு அந்த வடிவம் வராது. வளர்கிறது, மேலே இடம் கிடைக்கவில்லை.

கருவின் பயணத்தில் மேலடுக்கு சும்மா நிற்கும் சுவர் இல்லை என்பது கடந்த இருபது ஆண்டுகளில் தெளிவாகியிருக்கிறது. கருவிலிருந்து கசியும் ஆக்சினை மேலிருக்கும் செல்கள் லாக்ஸ்3 கடத்தி மூலம் உள்ளே வாங்கிக்கொள்கின்றன. அதன் விளைவாகச் செல்சுவரை இளக்கும் என்சைம்கள் அந்தச் செல்களில் சுரக்கின்றன. இதை நாட்டிங்ஹாம் குழு 2008-இல் காட்டியது. அகத்தோல் செல்கள் தம் பருமனையே குறைத்துக்கொண்டு வழிவிடுகின்றன. அங்கே ஆக்சின் துலங்கலை மட்டும் தடுத்தால் கீழே பெரிசைக்கிள் முதல் பிரிவைக்கூடத் தொடங்குவதில்லை என்று 2014-இல் லோசான் குழு கண்டது. ஐடிஏ என்ற சிறு பெப்டைடும் அதை வாங்கும் ஏற்பிகளும் செல்களைப் பிரித்துவிடும் வேலையில் பங்குகொள்கின்றன. நீர்க்கடத்திப் புரதங்களுக்கும் இதில் இடம் உண்டு: எந்தச் செல்லில் நீர் எப்போது ஏறுகிறது என்பது மாறினால் வேர் வெளிவருவது தாமதமாகிறது. கருவைக் கருவாக்கும் மரபணுக்கள் ஒரு கூட்டம், அதற்கு வழிவிடும் மரபணுக்கள் இன்னொரு கூட்டம். எங்கள் ஏற்பி இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்ததோ என்ற கேள்வி அன்றுதான் எழுந்தது.

விதையின் வயது

மகிழ்ச்சி அதிக நாள் நீடிக்கவில்லை. ஒரு சென்டிமீட்டருக்கான கணக்கு சமம், ஆனால் செருகல் செடியின் மொத்த வேர்நீளம் ஒவ்வொரு முறையும் சற்றுக் குறைந்தே இருந்தது. நெறியாளர் அதைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு விதையும் என்னைக்கு அறுவடை பண்ணினது?" என்று மாணவியைக் கேட்டார்.

இயல்பு விதை இரண்டு மாதத்துக்கு முன் அறுத்தது. செருகல் விதை பல ஆண்டுகள் குளிர்பெட்டியில் இருந்தது. முளைப்பதைத் தினம் இருவேளை பார்த்துக் குறித்தபோது, பழைய விதை கிட்டத்தட்ட ஒரு நாள் பிந்தி முளைப்பது தெரிந்தது. ஒரு நாளா பெரிது என்று தோன்றலாம். அரபிடாப்சிஸ் நாற்றில் முளைத்து ஐந்து முதல் ஏழு நாளில்தான் இளந்தளிரிலிருந்து ஆக்சின் வேருக்கு இறங்குகிறது. முதல் பக்கவேர்கள் வெளிவர அது தேவை. எட்டாம் நாளில் எண்ணும்போது ஒரு செடி அதைக் கடந்திருக்கும், மற்றது அதற்குள்தான் நுழைந்திருக்கும். வயதில் சமமில்லாத இரண்டு பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்காரவைத்து உயரம் அளந்தது போலத்தான் நாங்கள் அளந்திருக்கிறோம்.

இரண்டு வகையையும் ஒரே தட்டத்தில், ஒரே மண்ணில், ஒன்றாக வளர்த்து ஒரே நாளில் அறுத்து, புது விதையில் முதலிலிருந்து தொடங்குவது என்று முடிவெடுத்தோம். மூன்று மாதம் ஆகும் என்று தெரிந்தும் வேறு வழி இல்லை. பழைய தரவைத் திருத்திப் பயன்படுத்தலாமா என்ற பேச்சும் வந்தது. முளைத்த நாளை அப்போது யாரும் குறிக்காததால் திருத்துவதற்கு ஆதாரம் இல்லை. அந்தத் தட்டுகள் அத்தனையையும் ஒதுக்கினோம்.

புது விதையில் முதன்மை வேர்கள் சமமாக வளர்ந்தன. பக்கவேர்கள்? இயல்புச் செடிக்குப் பத்து, செருகல் செடிக்கு ஆறு. "பாதி போச்சு அக்கா," என்று மாணவி சொன்னபோது அவர் குரல் உடைந்திருந்தது. முதல் நாள் கண்ட வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி விதையின் வயது தந்த மாயம். மீதிப் பாதி நிஜம்.

திருப்பி வைத்த தட்டுகள்

மீதியை உறுதிசெய்ய, பக்கவேரை ஒரே நேரத்தில் தொடங்கவைக்கும் முறையை எடுத்தோம். தட்டை 90 டிகிரி திருப்பி வைத்தால் வேர் வளையும், வளைவின் வெளிப்புறத்தில் ஒரு பக்கவேர் தோன்றும். திருப்பியதிலிருந்து 18 மணி நேரத்தில் முதல் படியும், 42 மணி நேரத்தில் வெளிவரும் தறுவாயும் இயல்புச் செடியில் எதிர்பார்க்கப்படுவது. எல்லாச் செடியிலும் கடிகாரம் ஒரே நொடியில் தொடங்குவதால் விதையின் வயது இங்கே குறுக்கிடுவது வெகுவாகக் குறையும்.

மாணவி இரவு இரண்டு மணிக்கெல்லாம் வந்து வேர்களை எடுத்தார். 18 மணி நேரத்தில் இரு வகையும் முதல் படியில், வேறுபாடே இல்லை. 42-ஆம் மணியில் இயல்புச் செடியின் கருக்கள் புறத்தோலை எட்டியிருந்தன, செருகல் செடியில் பெரும்பாலானவை ஐந்தாம் படியைத் தாண்டவில்லை. மேலும் அரை நாளுக்கு மேல் விட்டபோது அவையும் வெளியே வந்துவிட்டன. ஆக இது தாமதம், முழுத் தடை அல்ல. எட்டாம் நாள் தட்டில் வெறும் நூலாகத் தெரிந்த வேர், காத்திருந்தால் கிளைத்திருக்கும்.

விளைவு

அதே மரபணுவில் வேறோர் இடத்தில் செருகல் உள்ள இன்னொரு செடியிலும் அதே தாமதம் கிடைத்தது. மரபணுவை அதன் சொந்தத் தூண்டுபகுதியோடு திரும்பச் சேர்த்ததும் வேர்கள் உரிய நேரத்தில் வெளிவந்தன. ஒளிரும் அடையாளம் இணைத்துப் பார்த்தபோது புரதம் கருவில் இல்லை. கருவுக்கு நேர் மேலே உள்ள புறணிச் செல்கள் சிலவற்றில் மட்டும், கரு நெருங்கும் நேரத்தில் தெரிந்தது. அமுங்கிய உச்சி எங்களுக்கு முன்பே சொன்ன செய்திதான் அது.

கருத்தரங்குச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றோம். கடிதத்தை நெறியாளர் தானே எழுதினார். பிழை மாணவியுடையது என்று தோன்றும் ஒரு சொல்லும் அதில் இருக்கக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார். அதை நான் மதிக்கிறேன். சுருக்கத்தைப் படித்து ஒப்புக்கொண்டவர்கள் நாங்கள் இருவரும்தானே.

மண்ணில் வளர்த்தபோது இலைவட்டத்தின் அளவில் இரு செடிக்கும் வேறுபாடு காணவில்லை. நீர் குறைந்த மண்ணில் இன்னும் பார்க்கவில்லை.

இனி மாற்றுவது

ஒப்பிடப் போகும் விதைகளை ஒன்றாக வளர்த்து ஒரே நாளில் அறுப்பது இப்போது எங்கள் ஆய்வகத்தில் கட்டாயம். விதை உறையில் செடியின் பெயருக்கு முன்பாக அறுவடைத் தேதி எழுதப்படுகிறது. நாள் கணக்கு விதைத்த நாளிலிருந்து அல்ல, வேர்முனை எட்டிப் பார்த்த நாளிலிருந்து.

இவற்றைவிட முக்கியமாக நான் நினைப்பது வேறு. பக்கவேர் எண்ணிக்கை மாறுகிறது என்று யாராவது தட்டைக் கொண்டுவந்தால், மரபணுவைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதே தட்டிலிருந்து வேர்களை எடுத்துத் தெளியவைத்துவிடுகிறோம். சைட்டோகைனின் என்ற ஹார்மோனைக் கொடுத்தாலும் பக்கவேர் குறையும், ஆப்சிசிக் அமிலம் என்ற இன்னொரு ஹார்மோனைக் கொடுத்தாலும் குறையும். முன்னது கரு தொடங்கி ஒழுங்கமைவதைக் குலைக்கிறது, பின்னது வெளிவந்த வேரின் வளர்நுனி இயங்கத் தொடங்குவதை நிறுத்திவைக்கிறது. தட்டைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். செலவு ஒரு நாள், கொஞ்சம் மெத்தனால், கொஞ்சம் கிளிசரால். நாங்கள் டிஆர்5 கலப்புக்குக் கொடுத்தது ஐந்து மாதம்.

என்ஏஏ சோதனையை விட்டுவிடவில்லை. ஆனால் அதன் முடிவைக் குறிப்பேட்டில் எழுதும்போது அது எதைச் சொல்கிறது என்பதோடு எதைச் சொல்லவில்லை என்பதையும் அடுத்த வரியில் எழுதச் சொல்கிறோம். அந்த இரண்டாவது வரி மாணவியின் யோசனை. புறணியில் இருக்கும் அந்த ஏற்பி எந்தச் சமிக்ஞையை வாங்குகிறது, அது கருவிலிருந்தே வருகிறதா என்று அவர் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்.